மணிக்கு அவசரமாக ஒரு வீடு வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணி ஒரு நாட்டு நாய். ஆண், நாலு வயது இருக்கலாம் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். செவலை நிறம், நெஞ்சிலும் முன்னங்கால் நுனியிலும் வெள்ளை, ஒரு காதில் கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு வெட்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சின்னக் காப்பகத்தில் இருக்கிறான். காலை வேளையில் அவனை வெளியே நடத்திக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அவனுக்கு வீடு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டதிலிருந்து நிறையப் பேர் கூப்பிடுகிறீர்கள், கேட்பதும் பெரும்பாலும் இதே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். அவனை எடுக்கலாமா என்று உண்மையாகவே யோசிப்பவர்கள் பாதியில் நிறுத்தாமல் படியுங்கள், முக்கியமாகக் கடித்தது பற்றிய பதிலை.

என்ன அவ்வளவு அவசரம்?

காப்பகம் இருப்பது குத்தகை நிலத்தில். தை மாதத்தோடு குத்தகை முடிகிறது, நிலத்துக்காரர் அங்கே வீடு கட்டப்போகிறார். மற்ற நாய்களுக்கு வேறொரு பெரிய காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. மணிக்கும் அங்கே ஒரு கூண்டு தருவதாகச் சொல்கிறார்கள், அது அவர்களுடைய நல்ல மனசு, ஆனால் அங்கே கூண்டுகள் எல்லாம் ஒரே கொட்டகையில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாள் முழுக்கக் குரைப்பு ஓயாது. மணியின் பிரச்சினை ஆரம்பித்ததே அப்படி ஒரு கூண்டில்தான். இத்தனை மாதத்தில் அவன் தேறி வந்ததெல்லாம் அங்கே போன ஒரு வாரத்தில் போய்விடும் என்ற பயத்தில்தான் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறோம்.

'ரியாக்டிவ்' என்று போட்டிருந்தீர்களே, கோபக்கார நாயா?

பயந்த நாய். பயம் தருவது எதையாவது பார்த்தால் அளவுக்கு மீறிக் குரைத்துப் பாய்வான், 'ரியாக்டிவ்' என்று போட்டது அதைத்தான். ஆனால் அவன் பயம் வெளியே தெரியும்போது பார்ப்பவர்களுக்குக் கோபமாகத்தான் தெரியும், அதை நான் மறுக்கவில்லை.

என்ன நடக்கும் என்று அப்படியே சொல்கிறேன். தெருக்கோடியில் இன்னொரு நாய் வருகிறது என்று வையுங்கள். மோந்துகொண்டே வந்தவன் நின்றுவிடுவான். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடிவிடும். காது முன்னால் வரும், நெற்றி சுருங்கும், வால் மேலே ஏறி ஆடாமல் நிற்கும். இந்த நேரத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பி நடந்தால் பெரும்பாலும் வந்துவிடுவான். அதைக் கவனிக்காமல் இன்னும் நெருங்கிப் போனால் முடிந்தது, பின்னங்காலில் எழும்பி நின்று, பெல்ட்டை இழுத்து, தொண்டை கட்டும் அளவுக்குக் குரைப்பான், அப்போது நீங்கள் என்ன சொன்னாலும் அவன் காதில் விழாது. எதிர் நாய் போன பிறகும் ரொம்ப நேரம் உடம்பு படபடவென்று இருக்கும்.

முப்பது அடி தள்ளி இருந்தால் இப்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான், சிக்கன் துண்டு வரும் என்று தெரியும். பத்தடி என்றால் முடியாது. காப்பகத்துக்கு வந்த புதிதில் நூறடியிலேயே ஆரம்பித்துவிடுவான், அதனால்தான் தேறி வருகிறான் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

நாய்களைத் தவிர அவனுக்கு ஆகாதவை: ஹெல்மெட் போட்ட ஆள், கையில் கம்பு அல்லது துடைப்பக்கட்டை வைத்திருக்கும் ஆண்கள், பின்னாலிருந்து திடீரென்று வரும் பைக் சத்தம், அவன் தலைக்கு மேலாக நீளும் தெரியாத கை.

ஏன் இப்படி ஆனான்?

முன்பு ஒரு புறநகர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வாசலில் இருந்தவன். கடைக்காரர் பன்னும் பொறையும் போடுவார், பயணிகள் சிலர் கம்பெடுத்து விரட்டுவார்கள், அப்படியே வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ராத்திரி ஒரு பைக் இடித்து இடது பின்னந்தொடை எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு சேரும் வரை நடக்கக்கூடாது என்பதால் வாரக்கணக்கில் சின்னக் கூண்டில் அடைத்து வைக்க வேண்டியதாயிற்று, வேறு வழியும் இல்லை. அதே நேரத்தில் உண்ணிக் காய்ச்சலும் வந்து ரத்தத் தட்டணுக்கள் ரொம்பக் குறைந்துபோய், டாக்ஸிசைக்ளின் ஒரு மாதம் போல ஓடியது. கால் வலி, காய்ச்சல், இரண்டு பக்கமும் கம்பி வலையில் பாய்ந்து குரைக்கும் நாய்கள், எழுந்து ஓட வழியில்லை. 

பயந்த நாய் முதலில் செய்ய நினைப்பது விலகி ஓடுவதைத்தான். ஓட முடியாது என்றால் அசையாமல் நிற்கும், அதுவும் பலிக்கவில்லை என்றால் எதிரில் இருப்பதை விரட்டப் பார்க்கும். கூண்டில் மணிக்கு மிச்சமிருந்தது அந்தக் கடைசி வழி மட்டும். குரைத்தால் பக்கத்துக் கூண்டு நாய் கொஞ்சம் பின்வாங்கியது, அதைப் பிடித்துக்கொண்டான். பெல்ட்டில் கட்டி வெளியே கூட்டிப்போகும்போதும் அதே கதைதான், கயிறு நம் கையில் இருப்பதால் அவனால் விலகி ஓட முடியாது, அதனால் குரைத்து விரட்டுகிறான். இதனால்தான் கட்டில்லாமல் சுற்றும்போது சாதுவாக இருக்கும் எத்தனையோ நாய்கள் பெல்ட்டில் இருக்கும்போது ஆர்ப்பாட்டம் செய்கின்றன.

நேராகக் கேட்கிறேன், கடித்திருக்கிறானா?

ஆமாம். ஒருமுறை.

ஆபரேஷன் காயத்துக்கு மருந்து போடும்போது, காப்பகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கையைக் கடித்துவிட்டான். தோல் கிழிந்தது, ஒரே கடி, கடித்ததும் விட்டுவிட்டுக் கூண்டின் மூலைக்குப் போய்விட்டான். அதற்கு முன்னால் உறுமினான், உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினான், ஆனால் அந்த நேரத்தில் மருந்து போட்டே ஆக வேண்டியிருந்தது. அண்ணன் உடனே காயத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் வெறிநோய் ஊசியை முழுதாகப் போட்டு முடித்தார். மணியைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருந்தோம், ஒன்றுமில்லை. அதே அண்ணன் கையில்தான் இப்போது தினமும் சாப்பிடுகிறான்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள் என்று தெரியும். மறைத்துக் கொடுத்து நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் கெடுதல், அவனுக்கும் அதோடு எல்லாக் கதவும் மூடிவிடும். பொருந்தாத வீட்டுக்குப் போவதைவிட அவன் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பது மேல், இவ்வளவு நெருக்கடியிலும் இதில் நான் மாற மாட்டேன்.

தடுப்பூசியெல்லாம் போட்டிருக்கிறதா?

வெறிநோய்த் தடுப்பூசி, டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த ஊசி, குடற்புழு மருந்து, எல்லாம் போட்டு அட்டை கையில் இருக்கிறது. இனி வருடா வருடம் நீங்கள் போட வேண்டும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காக அதன் கடியையோ நகக்கீறலையோ சும்மா விடக்கூடாது, மணி என்றில்லை, எந்த நாயானாலும். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் ஊசி இலவசம்தான். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பழகிவிடுவான் இல்லையா?

வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தர மாட்டோம், பேரப்பிள்ளைகள் அடிக்கடி வந்து தங்கும் வீடும் அதே கணக்குதான். குழந்தைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், தூங்கும் நாயைக் கட்டிப்பிடிப்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. நாய் உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பது, இதெல்லாம் 'எனக்கு வேண்டாம், விட்டுவிடு' என்று சொல்வது. பெரியவர்களே இதைக் கவனிப்பதில்லை, நாலு வயசுப் பிள்ளை எப்படிக் கவனிக்கும்?

எங்களிடம் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது, துணையாக இருக்குமே?

பிற்காலத்தில் இருக்கலாம். இப்போதைக்கு அவன் ஒருத்தனாக இருக்கும் வீடுதான் சரி. பூனை இருக்கும் வீடும் கோழி வளர்க்கும் வீடும் வேண்டாம், துரத்துகிறான்.

அபார்ட்மெண்டில் வளர்க்கலாமா?

சட்டப்படி தடையில்லை. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டெடுத்தோ விதி போட்டோ நாய் வளர்க்கக்கூடாது என்று தடுக்க முடியாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்லக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வாடகை வீடு என்றால் அது வேறு விஷயம், வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்த நாய்களை நிறையப் பார்த்தாயிற்று.

ஆனால் சட்டம் இடம் தருகிறது என்பதால் மணிக்கு லிஃப்ட் ஒத்துவந்துவிடாது. கதவு திறந்ததும் இரண்டடியில் இன்னொரு நாயோ ஹெல்மெட்டைக் கழற்றாத டெலிவரி பையனோ நின்றால் அவனால் தாங்க முடியாது. தரைத்தள வீடு, சுற்றிலும் ஐந்தடிக்குக் குறையாத காம்பவுண்ட் சுவர், நன்றாகச் சாத்தும் கேட், இதுதான் அவனுக்குத் தோது. சென்னைக்கு வெளியே, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் சின்ன ஊரில் தோட்டத்தோடு வீடு இருந்தால் ரொம்ப நல்லது, நாங்களே காரில் கொண்டுவந்து விடுகிறோம். ஆனால் ஒன்று, 'தோட்டத்துக்குக் காவலுக்கு வேணும், கொட்டகையில் கட்டிப்போட்டுக்கலாம்' என்பவர்களுக்குத் தர மாட்டோம். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால் அவன் மறுபடி பழைய மணி ஆகிவிடுவான்.

அவனிடம் நல்லதாக எதுவுமே இல்லையா?

இருக்கிறது, நிறையவே. எழுதும்போது முதலில் கஷ்டங்களைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

வீட்டுக்குள் சுத்தமாக இருப்பான், ஒருமுறைகூட படுக்கும் இடத்தில் அசுத்தம் செய்ததில்லை. பொருட்களைக் கடித்துக் குதறுவதில்லை. பழகிய ஆள் தரையில் உட்கார்ந்தால், நேராக வந்து மடியில் விழ மாட்டான். ஒரு சுற்று சுற்றி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து தன் எடையை உங்கள் முழங்கால் மேல் வைத்துவிடுவான். காதுக்குப் பின்னால் சொறிந்தால் கீழுதடு தொங்கிவிடும். சொறிவதை நிறுத்தினால் முன்னங்காலால் மெல்லத் தட்டுவான். மழை பெய்து ஓய்ந்த மண்ணில் மூக்கை விட்டு மோந்துகொண்டே போவதுதான் அவனுக்கு உலகத்திலேயே பிடித்த காரியம், அரை மணி நேரம் அப்படி விட்டால் அன்றைக்கெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறான். ஓட்டமாக ஓட வைப்பதைவிட மோந்து பார்க்க விடுவது அவனைச் சீக்கிரம் அமைதியாக்குகிறது, பிளேட் வைத்த காலுக்கும் அதுதான் நல்லது. உட்காரு, இரு, வா மூன்றும் தெரியும். தமிழில் சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

முடிந்தவரை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அவனுக்கென்று ஒரு மூலை, பழைய போர்வை, தண்ணீர். குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். அவனாக வந்தால் பேசுங்கள், வராவிட்டால் விடுங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடுவது, மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று நம்புவது, இப்படி ஒரு கணக்கு நாய் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். மணிக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

புதிதாக வந்த நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த முதல் வாரங்களில்தான். பால்காரர் வந்தார், கேட் பாதி திறந்திருந்தது, நாய் ஓடிவிட்டது. தெரியாத ஊரில் பயந்து ஓடும் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது, கூப்பிட்டாலும் நிற்காது. அதனால் கேட்டைத் திறக்குமுன் வீட்டுக் கதவைச் சாத்துவது வீட்டில் எல்லாருக்கும் வழக்கமாக வேண்டும். வெளியே போகும்போது ஹார்னஸில் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒரு கொக்கி, கழுத்துப்பட்டையில் ஒரு கொக்கி, இரண்டும் இருக்கட்டும், ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடிக்கும். இழுக்க இழுக்க நீளும் பெல்ட் வேண்டவே வேண்டாம். ஹார்னஸ், இரட்டைக் கொக்கி பெல்ட், கடிக்காமலிருக்க வாயில் மாட்டும், கூடை மாதிரி இருக்கும் மசில், மூன்றும் அவனோடு சேர்த்துத் தருகிறோம்.

மசிலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வெண்ணெய் தடவிப் பழக்கியதில் அவனே மூக்கை நுழைக்கிறான். அதைப் போட்டுக்கொண்டே வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையை மட்டும் வாங்காதீர்கள், நம்மூர் வெயிலுக்கு அது ஆபத்து, நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பதே வாயைத் திறந்து இளைப்பதால்தான்.

இரண்டு அடி போட்டால் அடங்காதா? எங்கள் தாத்தா காலத்தில் அப்படித்தானே வளர்த்தார்கள்?

இது நிறைய வரும் கேள்வி, கேட்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. அடித்தால் அந்த நேரம் அடங்குவான்தான். ஆனால் அவன் மனதில் பதிவது வேறு: இன்னொரு நாய் வந்தது, முதுகில் அடி விழுந்தது, ஆகவே இன்னொரு நாய் என்றாலே வலி. அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே ஆரம்பிப்பான். முள் பட்டையும், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியும் இதே கெடுதலைத்தான் செய்யும். உறுமுவதை அதட்டி நிறுத்துவது எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் உறுமல்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் நாளைக்கு உறுமாமலே கடிக்கும் நாய்தான் மிஞ்சும். 

நாங்கள் செய்வது ரொம்ப எளிமையானது, பொறுமைதான் நிறைய வேண்டும். அவன் பதறாத தூரத்தில் நிற்கிறோம். தூரத்தில் நாய் தெரிந்ததும் வேகவைத்த சிக்கன் துண்டு ஒன்று, பிறகு இன்னொன்று, நாய் மறைந்ததும் சிக்கனும் நின்றுவிடும். கொஞ்ச நாளில் நாயைப் பார்த்ததும் சிக்கன் எங்கே என்று நம் பக்கம் திரும்புகிறான். அப்புறம் இரண்டடி நெருங்குகிறோம். அவ்வளவுதான். அவன் குரைத்துவிட்டால் திட்டாமல் திரும்பி நடந்துவிட வேண்டியது, நாம் நெருங்கிப்போன தூரம் அன்றைக்கு அவனுக்கு அதிகம் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். பதற்றம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். காலையில் காலிங் பெல், அப்புறம் குக்கர் விசில், பத்து மணிக்கு எதிர்வீட்டில் டிரில் மிஷின், மத்தியானம் இறுதி ஊர்வலத்தில் வெடித்த வெடி, இதெல்லாம் தனித்தனியாக அவன் தாங்கிக்கொண்டவைதான். ஆனால் எல்லாம் ஒரே நாளில் வந்தால் சாயங்காலம் ஒரு காக்காவைப் பார்த்துக் கத்துவான், உடம்பு அந்தப் படபடப்பிலிருந்து இறங்க நேரம் எடுக்கும். அப்படிப்பட்ட நாளில் நடையை ரத்து செய்துவிட்டு, மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ பொறையை உடைத்துத் தூவித் தேடித் தின்ன விடுங்கள்.

மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா?

ஃபுளூவாக்ஸடின் தினம் ஒரு மாத்திரை, கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தது. இதைக் கேட்டதும் சிலர் 'மயக்க மருந்தா?' என்று கேட்கிறார்கள். இல்லை, மயக்கமெல்லாம் வராது. எந்நேரமும் ஏறியே இருக்கும் பயத்தைக் கொஞ்சம் இறக்கி, பழக்குவதை மண்டையில் ஏற விடுகிறது. பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது. கால் வலிக்கிறதோ என்று தோன்றினாலும் டாக்டரிடம் போங்கள், வலி இருந்தால் அவன் சிடுசிடுப்பும் கூடும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ புரூஃபெனோ எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது விஷம்.

என்ன சாப்பிடுவான்? எவ்வளவு செலவாகும்?

எலும்பெடுத்து உப்புக் காரமில்லாமல் வேகவைத்த கோழி, சாதம், பூசணி அல்லது கேரட், வாரம் இரண்டு மூன்று முட்டை. தயிர்சாதம் என்றால் உயிர். நம் தட்டில் மிஞ்சிய குழம்பு சாதம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடாது, அதனால் பாயசத்தையும் கேசரியையும் அன்பால் ஊட்டிவிடாதீர்கள். சாப்பாடு, மாத்திரை, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து இப்போது மாதம் ₹3,000-லிருந்து ₹4,000 வரை ஆகிறது. முதல் ஆறு மாத மாத்திரைச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

தீபாவளிக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் காலை 6-7, இரவு 7-8 என்று வெடிக்க நேரம் வைத்திருக்கிறார்கள், ஆனால் வெடி அதற்குள் அடங்குவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே பகல் வெளிச்சத்தில் சீக்கிரம் நடை முடித்துவிடுங்கள். ஜன்னலை மூடி, திரை போட்டு, ஃபேனை வேகமாக வைத்து, டிவியை ஓட விட்டு, உள்ளறையில் கூடவே ஒருவர் இருங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். அந்த நாட்களுக்கென்று தனி மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவைக்கலாம்.

தெருவில் இருந்த நாய்தானே, பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் என்ன?

கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2023 விலங்குகள் கருத்தடை விதிகள் சொல்வது, 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் உள்ளவை, சந்தேகத்துக்குரியவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை அப்படியே விடச் சொன்னது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், மறுபடி அங்கே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. மணியின் இடம் பேருந்து நிலையம். அந்த டீக்கடையும் இப்போது இல்லை.

சட்டத்தை விடுங்கள். காலில் பிளேட், ஹெல்மெட்டைப் பார்த்தால் பதற்றம், மற்ற நாய்களோடு ஒத்துப்போகத் தெரியாது, இதோடு ஒரு நாயை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு வருவதற்குத்தான் இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டோமா?

இத்தனை கஷ்டம் இருக்கும் நாயைக் கருணைக்கொலை செய்வதுதானே நல்லது?

இதையும் இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் உண்மையான அக்கறையோடு. தீராத நோயிலும் பிழைக்க முடியாத காயத்திலும் கிடக்கும் உயிருக்கு அது கருணை, விதிகளும் அதற்குத்தான் இடம் தருகின்றன. மணி சாப்பிடுகிறான், தூங்குகிறான், காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டால் உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு கதவுக்கு வருகிறான், மாதத்துக்கு மாதம் தேறுகிறான். அவனுக்கு அமைதியான ஒரு வீடு கிடைக்கவில்லை என்பது நோய் ஆகாது.

உரிமம் எடுக்க வேண்டுமா?

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் கட்டாயம், மைக்ரோசிப்பும் வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். நாங்கள் உதவுகிறோம். வேறு ஊர் என்றால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துப் பார்த்து ஒத்துவரவில்லை என்றால்?

எங்களுக்குச் சொல்லுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் சரி. யாரும் உங்களைத் திட்ட மாட்டோம். இன்னொருவருக்குக் கைமாற்றுவதோ வழியில் இறக்கிவிடுவதோ மட்டும் கூடாது, வளர்க்கும் விலங்கைக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் இரண்டு மாதத்தைத் தங்கிப் பார்க்கும் காலமாகத்தான் வைத்திருக்கிறோம், அது முடிந்த பிறகே கையெழுத்து. அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை நான் வருவேன், பயிற்சியாளரும் போனில் பேசுவார்.

முழுதாகக் குணமாகிவிடுவானா?

ஹெல்மெட், துடைப்பம், விருந்தாளி, இதெல்லாம் அமைதியான வீட்டில் நன்றாகவே குறையும் என்று டாக்டரும் பயிற்சியாளரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். நாய்ப் பூங்காவில் மற்ற நாய்களோடு விளையாடும் நாயாக மாறுவானா என்றால், மாற மாட்டான் என்று நினைத்துக்கொண்டே எடுங்கள். வாழ்நாள் முழுக்க அவனுக்காகத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நடக்க வேண்டியிருக்கும். நாட்டு நாய்கள் வீட்டில் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும், அதையும் யோசியுங்கள்.

அப்படியென்றால் யாருக்குத்தான் சரிவரும்?

வீட்டில் பெரும்பாலும் ஆள் இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் அதிகம் கூடாது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் ஐம்பது அறுபது வயதுத் தம்பதி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர், இப்படி. 18 கிலோ இருக்கிறான், எழும்பி இழுத்தால் பிடித்து நிற்கத் தெம்பு வேண்டும். நாய் வளர்த்த அனுபவம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சொன்னதைக் கேட்டு, அவசரப்படாமல் செய்பவர்களாக இருந்தால் போதும்.

நிரந்தரமாக எடுக்க முடியாது. வேறு எப்படி உதவலாம்?

மாசி, பங்குனி இரண்டு மாதம் தற்காலிகமாக வைத்துக்கொள்ள இடம் தந்தாலே எங்களுக்குப் பெரிய மூச்சு விடும் நேரம். நாய் இல்லாத ஒரு வீட்டின் பின்கட்டோ, மூடிய தோட்டமோ போதும், சாப்பாடும் மருந்தும் எங்கள் பொறுப்பு. அதுவும் முடியாது என்றால் இதை அப்படியே தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், ஆனால் கடித்தது பற்றிய பகுதியை வெட்டாமல் அனுப்புங்கள். பணம் இப்போது வேண்டாம்.

எப்போது வந்து பார்க்கலாம்?

எந்த நாளும் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், வெயில் ஏறுவதற்கு முன்னால். இதை உங்களுக்கு அனுப்பியவரிடம் சொன்னால் எங்களுக்கு வந்து சேரும், நாங்கள் கூப்பிடுகிறோம். பைக்கில் வந்தால் ஹெல்மெட்டை வாசலிலேயே வைத்துவிடுங்கள். இரண்டு பேருக்கு மேல் வர வேண்டாம். முதல் நாள் கையை நீட்டித் தொட முயற்சிக்காமல், கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருங்கள், அவன் வந்து மோந்து பார்ப்பான். இரண்டாவது முறை சேர்ந்து நடக்கலாம், மூன்றாவது முறை பெல்ட்டை உங்கள் கையில் தருகிறேன். மூன்று முறை வர நேரமில்லை என்பவர்கள் அதை இப்போதே சொல்லிவிடுங்கள், தை முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.